மலையேற்றமும் இதயமும்

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. இவை ஏரிகள் நிறைந்த சமவெளி ஊர்கள். கடல் மட்டத்திற்கு மேல் இவற்றின் உயரம் சில பத்து மீட்டர்களே ஆகும். இவற்றிற்கு அணித்தாக உள்ள பரங்கிமலையும் 100 மீட்டர் உயரத்தை எட்டாத சிறு குன்றே. இத்தகைய தாழ்நிலத்தில் பிறந்து வளர்ந்தவருடைய உடல், நாள்தோறும் அடர்ந்த காற்றை உட்கொண்டு பழகியது.

இக்காலத்தில் ஒருவர் இரவில் ஆவடியில் உணவுண்டு, மறுநாள் முற்பகலில் இமயமலைக்கு அப்பாலுள்ள லே நகரில் நிற்றல் இயலும். லடாக்கு நாட்டின் தலைநகராகிய லே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. விமானம் அவரை அங்கே ஒரு துன்பமுமின்றி இறக்கிவிடும். ஆனால், விமான நிலையத்தின் படிகளில் நான்கு அடி எடுத்து வைத்ததும் அவருக்கு மூச்சு இரைக்கும், நாடி விரைந்து துடிக்கும், தலை கனக்கும். அமர்ந்து இளைப்பாறும்போதும் இதயம் முன்னிலும் விரைந்தே அடித்துக்கொண்டிருக்கும். நோயற்ற உடம்பில் இம்மாறுதல் தோன்றுதற்குக் காரணம் யாது? இதனால் இதயத்திற்குக் கேடு உண்டாகுமா? உண்டாகுமாயின், அக்கேடு உயரத்தால் வருவதா, உயரத்தை அடைந்த விரைவால் வருவதா? இவற்றை ஆராய்வது மலையேற விரும்புவோர்க்கு மட்டுமன்றி யாவர்க்கும் பயன்தரும்.

மீன்கள் கடலின் அடியில் வாழ்வதுபோல, மக்கள் காற்றுக்கடலின் அடியில் வாழ்கின்றனர். காற்றுக்கும் எடை உண்டு. பருத்திப் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அடியிலுள்ள பொதி மேலுள்ளவற்றின் பாரத்தால் அழுந்தி இறுகியிருக்கும். உச்சியிலுள்ள பொதி தளர்ந்திருக்கும். காற்றும் அவ்வாறே தாழ்நிலத்தில் செறிந்தும், உயரச் செல்லச்செல்லத் தளர்ந்தும் உள்ளது. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1643ஆம் ஆண்டில் பாதரசத்தைக் கொண்டு காற்றின் அழுத்தத்தை அளக்கும் வழியைக் கண்டார். பிரெஞ்சு அறிஞர் பாசுக்கல் என்பவரின் வேண்டுகோளின்படி, அவருடைய மைத்துனர் 1648ஆம் ஆண்டில் அக்கருவியை ஒரு மலையின் உச்சிக்கு எடுத்துச் சென்றார். மேலே ஏற ஏறப் பாதரசம் குழாயில் கீழிறங்கியது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும் என்னும் உண்மை அன்று ஐயத்திற்கிடமின்றி விளங்கிற்று.

கடற்கரையில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரச அளவாகும். லே நகரில் அஃது ஏறத்தாழ 490 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அஃதாவது, மூன்றில் இரண்டு பங்களவே எஞ்சுகிறது. எவரெஸ்டுச் சிகரத்திலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ளது. மலைமேல் உள்ள காற்றில் உயிர்வளியின் விகிதம் குறைந்துவிடுகிறது எனப் பலர் எண்ணுவர். அது பிழை. ஆக்சிஜன் எனவும் பிராணவாயு எனவும் வழங்கும் உயிர்வளி, எங்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கே உள்ளது. ஆனால், மலைமேல் காற்றே தளர்ந்துள்ளமையால், ஒரு மூச்சில் உட்புகும் உயிர்வளியின் அளவு குறைகிறது. அதனை நுரையீரலிலிருந்து குருதிக்குள் செலுத்தும் அழுத்தமும் குறைகிறது.

இமயத்தின் உயரத்தை அறிந்த வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியப் பெருநிலத்தை அளக்கும் பணியை லாம்டன் என்பார் 1802ஆம் ஆண்டில் பரங்கிமலைக்கருகில் அடிக்கோடு அளந்து தொடங்கினார். அவ்வளவைப்பணி வடக்கு நோக்கி வளர்ந்து இமயத்தை எட்டியது. அதன் பயனாக 1856ஆம் ஆண்டில் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. மலையின் உயரத்தை இவ்வாறு கருவிகளால் அளந்துவிட்டனர். அவ்வுயரம் மனித உடலினுள்ளே செய்யும் மாறுதலை அளந்தறிதற்கு மேலும் நூறாண்டுகள் சென்றன.

அம்மாறுதலை உணர்வதற்கு இதயத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். நெஞ்சாங்குலை எனத் தமிழர் வழங்கிய இவ்வுறுப்பு, ஒருவரின் மூடிய கையளவினது. ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ளது. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் குருதியை இறைக்கிறது. வெளியே ஒன்றாகத் தோன்றினும், உண்மையில் இஃது இரண்டு இறைப்பான்கள் ஒட்டியிருப்பது போன்றது. வலப்பக்கம் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே உயிர்வளியைப் பெற்றுத் திரும்பும் குருதியை, இடப்பக்கம் உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்புகிறது. நுரையீரல் அண்மையில் இருத்தலால் வலப்பக்கத்திற்கு வேலை எளிது. அதன் சுவர் மெல்லியது. உடல் முழுதும் குருதியைச் செலுத்த வேண்டிய இடப்பக்கத்தின் சுவர் தடித்தது. வலப்பக்கச் சுவர் மெல்லியது என்பதை மாணவர் மனத்தில் இருத்துதல் நலம். மலையேற்றத்தில் பெருஞ்சுமை வந்து விழுவது அதன்மேல்தான்.

தாழ்நிலத்தவர் ஒருவர் விரைந்து மலைமேல் சென்றவுடன், அவருடைய கழுத்திலுள்ள பெருங்குருதிக்குழாய்களின் அருகே அமைந்த நுண்ணிய உறுப்புகள் உயிர்வளி குறைந்தமையை முதலில் உணர்கின்றன. அவை உடனே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வாங்கப்படுகிறது. இதயமும் துடிப்பை மிகுத்துக்கொள்கிறது. ஒரு வண்டி ஒவ்வொரு நடைக்கும் பத்து மூட்டை நெல் ஏற்றிச் சென்றது எனக் கொள்வோம். பின்னர் எட்டு மூட்டையே ஏற்ற இயலுமாயின், அதே அளவு நெல்லைக் கொண்டு சேர்க்க வண்டிக்காரன் நடையை மிகுதியாக்குவான் அல்லனோ? குருதி சுமக்கும் உயிர்வளி குறைந்தவிடத்து, இதயம் தன் நடையை மிகுத்து அக்குறையை நிரப்புகின்றது. எனவே, நாடி விரைதல் அந்நேரத்தில் நோயன்று. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறையே ஆகும்.

இவ்வியல்பு உயிருள்ள உடம்பிற்கு மட்டும் உரியதன்று. ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டில் விஜயந்தா என்னும் பீரங்கி வண்டி வெளிவந்தது. அதன்பின் அசேயம், அர்ச்சுன் முதலிய வண்டிகளும் அங்கே உருவாயின. இத்தகைய வண்டிகளின் எஞ்சின்களும் எரிபொருளை எரித்தற்குக் காற்றிலுள்ள உயிர்வளியையே நாடுகின்றன. காற்றுத் தளர்ந்த மலைநாட்டில் எந்த எஞ்சினும் தாழ்நிலத்திற் காட்டிய ஆற்றலை முழுதும் காட்டாது. இரும்பாற் செய்த எஞ்சினுக்கே இந்நிலையென்றால், தசையாலான இதயம் திணறுவதில் வியப்பில்லை. ஆயினும் இரண்டற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எஞ்சின் எத்தனை நாள் அங்கே நின்றாலும் தானாக மாறாது. உடலோ நாளடைவில் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலுடையது.

அத்திருத்தம் படிப்படியாக நிகழ்கிறது. முதல் இரண்டொரு நாட்களில் சிறுநீர் மிகுதியாகக் கழிந்து குருதியிலுள்ள நீர் குறைகிறது. அதனால் எஞ்சிய குருதி செறிவு பெற்று, ஒவ்வொரு துளியும் மிகுந்த உயிர்வளியைச் சுமக்கிறது. அதேவேளையில், ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு சற்றே குறைகின்றது. சிறுநீரகங்கள் குருதியின் காரத்தன்மையைச் சீர்செய்து, மூச்சு தடையின்றி ஆழமாக நிகழ உதவுகின்றன. உயிர்வளிக் குறைவை உணர்ந்த சிறுநீரகம் ஒரு சுரப்பையும் வெளியிடுகிறது. அது எலும்பினுள்ளிருக்கும் மச்சையைத் தூண்டிச் செங்குருதி அணுக்களைப் பெருக்குகிறது. இவ்வேலை சில மணி நேரத்தில் தொடங்கினும், முழுப்பயன் தர வாரங்கள் பல ஆகும். இவ்வாறு உடல் பழகப் பழக, நாடியின் விரைவும் ஓரளவு தணிகிறது. இதனையே மலைக்குப் பழகுதல் என்பர்.

பழகுதற்குக் காலம் கொடுப்பதால் விளையும் நன்மையையும், கொடாமையால் விளையும் தீமையையும் மூன்று நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டும். 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் டிசாந்தியே, சிவெல், குரோசே ஸ்பினெல்லி என்னும் பிரெஞ்சுக்காரர் மூவர், 'செனித்' என்னும் புகைக்கூண்டில் பாரிசு நகரிலிருந்து வானில் ஏறினர். இரண்டு மணி நேரம் செல்வதற்குள் 8,000 மீட்டர் உயரத்தை அணுகினர். உயிர்வளி நிரப்பிய பைகள் அவர்கள் கைக்கெட்டும் தொலைவில் தொங்கின. ஆயினும் அவற்றை எடுத்துப் பருகக் கை எழவில்லை, அறிவு மயங்கிற்று. கூண்டு தரையிறங்கியபோது இருவர் இறந்திருந்தனர். டிசாந்தியே மட்டும் உயிர் பிழைத்தார்.

1978ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் மெசுனர், ஆபிலர் என்னும் இருவர் அவ்வுயரத்தினும் மிக்க எவரெஸ்டின் உச்சியில் நின்றனர். அவர்கள் செயற்கை உயிர்வளியைச் சிறிதும் பயன்படுத்தவில்லை. மலையில் பல வாரம் தங்கி, ஏறியும் இறங்கியும் உடலைப் பழக்கிய பின்னரே அவர்கள் உச்சியை எட்டினர்.

மூன்றாவது நிகழ்ச்சி 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியாகும். எட்டு இளைஞர் காற்றழுத்தத்தைக் குறைக்கவல்ல ஓர் அறையினுள் தங்கினர். நாற்பது நாட்களில் அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைக்கப்பெற்று, முடிவில் எவரெஸ்டின் உச்சியில் உள்ள அளவை எட்டியது. மருத்துவர் அவர்களுடைய இதயத்தினுள் மெல்லிய குழாய் செலுத்தி அதன் ஆற்றலை அளந்தனர். உலகத்தின் உச்சிக்கு ஒப்பான அந்நிலையிலும், இதயத்தசை தளராது இறைத்துக்கொண்டிருத்தலைக் கண்டனர். இரண்டு மணியில் ஏறிய உடல் மடிந்தது. நாற்பது நாளில் ஏறிய இதயம் தாங்கிற்று. உயரம் ஏறத்தாழ ஒன்றே, வேறுபட்டது காலமே.

இனி, விரைவால் விளையும் பெருந்தீங்கு எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காண்போம். நுரையீரலில் பல கோடி நுண்ணிய காற்றறைகள் உள. சளியாலோ வேறு காரணத்தாலோ ஒரு பகுதிக்குக் காற்றுச் செல்லாதபோது, அப்பகுதிக்குச் செல்லும் குருதிக்குழாய் சுருங்கிவிடும். காற்றில்லாத இடத்திற்குக் குருதி சென்று வீணாகாதபடி உடல் செய்துகொண்ட ஏற்பாடு அது. பூந்தமல்லிக்கு அருகேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரி போன்ற ஏரிகளின் பாசனத்தில் இதற்கு ஒப்புமை காணலாம். தண்ணீர் வேண்டாத ஒரு வயலின் மடையை அடைத்து, வேண்டும் வயலுக்கு நீரைத் திருப்புதல் உழவர்க்கு அறிவுடைமை. ஆனால், நீர் பெருகி வரும் காலத்தில் எல்லா மடைகளையும் ஒருங்கே அடைத்துவிட்டால் என்னாகும்? வாய்க்காலின் கரை நெகிழ்ந்து நீர் கசியும்; சில இடங்களில் உடையும்.

மலைமேல் நிகழ்வதும் இதுவே. அங்கே நுரையீரலின் ஒரு பகுதியன்று, எல்லாப் பகுதிகளும் உயிர்வளி குறைந்தவையாகின்றன. ஆதலின், நுரையீரற் குருதிக்குழாய்கள் யாவும் ஒரே காலத்தில் சுருங்குகின்றன. அவற்றினூடே குருதியைச் செலுத்த, இதயத்தின் மெல்லிய வலப்பக்கம் மிகுந்த விசையுடன் உழைக்கிறது. அழுத்தம் இயல்பினும் இரண்டு மூன்று மடங்கு உயர்தலும் உண்டு. குழாய்கள் எல்லா இடத்தும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. சுருக்கம் குறைந்த இடங்களில் குருதி பெருகிப் பாய, அங்குள்ள நுண்குழாய்களின் சுவரில் கசிவு உண்டாகி, காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிறைந்தமையால், நிலத்தில் இருந்துகொண்டே நீரில் மூழ்கியவர்போல நோயாளர் திணறுவர். இருமலுடன் நுரையும், சிலபோது செந்நிறம் கலந்த சளியும் வெளிப்படும். இதழும் நகமும் நீலம் பாரிக்கும். உடனே மருத்துவம் செய்யாவிடின் உயிருக்கே முடிவு நேரும்.

இந்நோயை முற்காலத்து மருத்துவர் பலர் நுரையீரல் அழற்சி என்றோ, இதயம் தளர்ந்து செயலிழத்தல் என்றோ கருதினர். 1960ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சார்லசு ஊசுடன் என்பவர், நலமான இதயமுடைய இளைஞர்க்கும் இந்நோய் வரும் என்பதை மருத்துவ உலகிற்கு எடுத்துக்காட்டினார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில், இந்நோயாளரின் இதயத்தின் இடப்பக்கம் கேடின்றி இருத்தல் புலனாயிற்று. குற்றம் இதயத்தின் மேலதன்று. அதற்கு முன்னே அடைக்கப்பட்ட வழியிலேயே குற்றம் இருந்தது.

இவ்வுண்மையை இந்திய நாடு பெருந்துயரின் வாயிலாக அறிந்துகொண்டது. 1962ஆம் ஆண்டில் சீனப்படை எல்லையைக் கடந்தபோது, சமவெளியிலிருந்த இந்திய வீரர்கள் மலையெல்லைக்கு விரைந்து அனுப்பப்பெற்றனர். சிலர் விமானத்தில் சென்று 4,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் இறங்கினர். வடகிழக்கு எல்லையில் தக்லா முகட்டின் பக்கம் சென்ற படையினர், கோடைக்கேற்ற பருத்தி உடையோடு ஏறத்தாழ அவ்வளவு உயரமான கணவாய்களைக் கடந்தனர். உடலைப் பழக்குதற்கு நாளில்லை. நாட்டைக் காக்கும் கடமை காத்திருக்கவில்லை. பகைவர் குண்டு தாக்காமலே, நுரையீரலில் நீர் கோத்து மாண்ட வீரரும் உளர். தாய்நாட்டின் பொருட்டு அவர்கள் ஈந்த உயிர் வீண்போகவில்லை. அவர்தம் துன்பம் பின்வந்தோர்க்குக் காவலாயிற்று.

இந்தியப் படை மருத்துவர் இந்தர் சிங் என்பவரும் அவருடைய துணைவர்களும், மலையெல்லையில் நோயுற்ற வீரர்களை நுணுகி ஆராய்ந்தனர். 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயின் இயல்புகளை 1969ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, உலக மருத்துவர் இன்றும் போற்றும் ஆராய்ச்சியாகும். உயரத்தை அடைந்த சில நாட்களுக்குள் நோய் பெரிதும் தோன்றுதலையும், ஒருவர்க்கு வந்து மற்றொருவர்க்கு வாராதிருத்தலையும் இத்தகைய ஆராய்ச்சிகள் காட்டின. மலையில் நெடுநாள் வாழ்ந்து பழகியவரும், விடுமுறையில் சமவெளிக்குச் சென்று திரும்பி விரைந்து ஏறும்போது நோயுறலாம் என்பதும் தெரியவந்தது. பழக்கத்தால் பெற்ற ஆற்றல், பழக்கம் நீங்கியவுடன் மறைந்துவிடுகிறது.

இத்தகைய அறிவின் பயனாக, இந்தியப் படையில் ஒரு நெறி வகுக்கப்பெற்றது. அதன்படி 2,700 மீட்டர் முதல் 3,600 மீட்டர் வரையுள்ள இடத்திற்குச் செல்லும் வீரர் அங்கே ஆறு நாட்கள் பழக வேண்டும். முதல் இரண்டு நாட்கள் ஓய்வு; அடுத்த இரண்டு நாட்கள் மெல்லிய நடை; இறுதி இரண்டு நாட்கள் சற்று நீண்ட நடையும் சிறிது ஏற்றமும். அதற்கு மேல் 4,500 மீட்டர் வரை செல்வதற்கு மேலும் நான்கு நாட்கள். அதனினும் மேலே செல்ல இன்னும் நான்கு நாட்கள். ஆவடியிலிருந்து செல்லும் வீரராயினும், அம்பாலாவிலிருந்து செல்லும் வீரராயினும் நெறி ஒன்றே. பதவியும் வலிமையும் இதில் விலக்குப் பெறுவதில்லை.

விமானம் தோன்றுதற்கு முன் இவ்வாறு நெறி வகுக்க வேண்டிய தேவை பெரிதாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டில் மேகர் சிங் என்னும் வான்படைத் தலைவர் லே நகரில் முதன்முதலாக விமானத்தை இறக்கினார். அதற்கு முன் சிரீநகரிலிருந்து லேக்கு நடந்தும், குதிரைமேல் ஊர்ந்தும் செல்வோர்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று. தமிழ்நாட்டிலிருந்து பத்ரிநாத்துக்கும் கேதாரத்திற்கும் சென்ற அக்கால அடியார்களும் அடிவாரத்திலிருந்து நாட்கணக்காக நடந்தனர். இரவுதோறும் ஒரு சாவடியில் தங்கிச் சிறிது சிறிதாக உயர்ந்தனர். அவர்கள் உடலியலைக் கற்றவர் அல்லர். ஆயினும், நடையின் மெதுவே அவர்களுக்கு மருந்தாக அமைந்தது. ஊர்திகள் வந்தபின் வழியின் வருத்தம் குறைந்தது. ஆனால், வழி கொடுத்த காலமும் அதனோடு குறைந்துவிட்டது. ஆகவே, முன்னோர்க்குப் பாதை தானே தந்த பழக்கத்தை, இக்காலத்தவர் அறிவால் தேடிக்கொள்ளுதல் வேண்டும்.

தமிழ்நாட்டு மலைகளில் இத்தகைய இடர் உண்டா என மாணவர் வினவலாம். மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். உதகமண்டலமும் கோடைக்கானலும் 2,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்டவை. நுரையீரலில் நீர் கோக்கும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் சில நாள் தங்குவோர்க்கே வருவது. ஆதலால், இங்கு அதனை அஞ்சவேண்டுவதில்லை. ஆனால், இங்கே வேறோர் இடர் உண்டு. அது காற்றின் தளர்ச்சியால் வருவதன்று. ஏற்றத்தின் கடுமையால் வருவது.

கோயம்புத்தூரை அடுத்த வெள்ளியங்கிரி மலை இதற்குச் சான்றாகும். அதன் உயரம் 2,000 மீட்டரை எட்டுவதில்லை. ஆயினும் ஏழு மலைகளைக் கடந்து 1,000 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஏறுவோர் பலர். பிப்ரவரி முதல் மே வரையுள்ள வழிபாட்டுக் காலத்தில் செல்வோருள் சிலர், வழியிலேயே நெஞ்சடைத்து உயிர் துறத்தல் நேர்கிறது. 2024ஆம் ஆண்டிலும் அவ்வாறு பலர் இறந்தனர். இதயநோயும் மூச்சுநோயும் உடையோர் ஏறுதல் தகாது என அதிகாரிகள் அறிவுறுத்துகின்றனர்.

உடல் முழுதும் குருதியை அனுப்பும் இதயத்திற்கும் குருதி வேண்டும். அதனைத் தருவன இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் சிறு குழாய்கள். நடுவயதைக் கடந்தவர்க்கும், நீரிழிவும் குருதிக்கொதிப்பும் உடையவர்க்கும், புகைப்பவர்க்கும் அக்குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி குறுகியிருத்தல் கூடும். வீட்டில் அமர்ந்திருக்கும்போது அக்குறை வெளிப்படாது. செங்குத்தான படிகளில் விரைந்து ஏறும்போது, இதயத்தின் தேவை பலமடங்கு உயர்கிறது; குறுகிய வழியோ அதனை நிறைவேற்ற இயலாது போகிறது. நெஞ்சு வலி தோன்றுவது அதனாலேயே. ஆல்ப்சு மலையில் இவ்வாறு திடீரென இறந்தோரை ஆஸ்திரிய மருத்துவர்கள் ஆராய்ந்தனர். உழைப்புப் பழக்கமில்லாதவர்க்கே இடர் மிகுதி என்றும், மலைக்குச் சென்ற முதல் நாளிலேயே இறப்புகள் மிகுதியாக நிகழ்கின்றன என்றும் கண்டனர். ஏறுவதற்கு முன் ஓரிரவு மலைமேல் தங்கியவர்க்கு அவ்விடர் குறைந்தது. இமயத்தில் கண்ட உண்மையே இங்கும் வேறோர் உருவில் தோன்றுதல் காண்க.

இனி, மலையேறுவோர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில. 3,000 மீட்டருக்கு மேற்பட்டவிடத்து, இரவில் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரத்தை மிகுக்காமல் ஒரு நாள் தங்குதல் வேண்டும். விமானத்தில் சென்று லே போன்ற இடத்தில் இறங்கியவர், முதல் இரண்டு நாட்கள் மெல்ல நடப்பதன்றிக் கடுமையாக உழைத்தல் ஆகாது. வறண்ட குளிர்காற்றில் உடல்நீர் விரைந்து குறையுமாதலால், வேண்டுமளவு நீர் பருகுதல் நன்று. மதுவையும் புகையையும் விலக்குதல் வேண்டும். இதயநோய், குருதிக்கொதிப்பு, மூச்சுநோய் உடையவர் மருத்துவரைக் கலந்த பின்னரே புறப்படுதல் வேண்டும். மலைநோயைத் தடுக்கும் மருந்துகள் உள. அவற்றையும் மருத்துவர் சொற்படியே உட்கொள்ளுதல் வேண்டும்.

உடல் தரும் எச்சரிக்கையை மறைத்தல் பெரும்பிழை. தலைவலி, வாந்தி, பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை முதற்குறிகள். இவை தோன்றியவர் மேலும் ஏறாது அவ்விடத்திலேயே தங்குதல் வேண்டும். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறல், ஓயாத இருமல், நெஞ்சு வலி, தள்ளாடும் நடை, தெளிவற்ற பேச்சு ஆகியவை இடர்க்குறிகள். நடையும் பேச்சும் தடுமாறுதல் மூளை வீங்கியதைக் காட்டும். இவற்றுள் ஒன்று தோன்றினும், இரவென்றும் குளிரென்றும் பாராமல் நோயாளரைக் கீழே கொண்டு செல்லுதல் வேண்டும். உயிர்வளி கொடுத்தல் உதவும். எனினும், இறங்குதலினும் சிறந்த மருந்து மலைநோய்க்கு இல்லை. தோழர் ஏளனம் செய்வரோ என்று அஞ்சித் தன் துன்பத்தை மறைப்பவர், தம்மை மட்டுமன்றித் தம் குழுவினர் அனைவரையும் இடரில் ஆழ்த்துவர்.

இளமையும் உடல்வலிமையும் இந்நோயைத் தடுத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. விளையாட்டில் வெற்றி பெற்ற இளைஞர், தம் கால்வலிமையை நம்பி மற்றவரினும் முந்தி ஏறுவர். அதனாலேயே மற்றவரினும் முந்தி நோயுறுதலும் உண்டு. தசைக்கு வலிமை பயிற்சியால் வரும். உயரத்தைத் தாங்கும் ஆற்றலோ, அவ்வுயரத்தில் தங்கிய காலத்தால் மட்டுமே வரும். லடாக்கு மக்கள் அம்மலையில் எளிதாக உலவுகின்றனர் எனின், அவர்தம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் வாழ்ந்து பெற்ற இயல்பு அதற்குக் காரணமாகும். அவ்வியல்பை ஒரே நாளில் பெற எவராலும் இயலாது.

மனித இதயம் வலிமை குன்றிய உறுப்பன்று. தாய் வயிற்றில் தொடங்கி இறுதிநாள் வரை ஓய்வின்றி உழைக்கும் அது, உலகத்தின் உச்சியிலும் தன் கடமையைச் செய்ய வல்லது. அதற்கு வேண்டுவது ஒன்றே, அது காலம். பதறாத காரியம் சிதறாது என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. மலையேற்றத்தில் அஃது அறிவுரை மட்டுமன்று. உடலியல் காட்டும் உண்மையுமாகும். தாழ்நிலத்தில் வாழும் மாணவர் நாளை வீரராகவோ, அடியாராகவோ, ஆராய்ச்சியாளராகவோ, உலாச் செல்வோராகவோ உயர்ந்த மலைகளை அடைவர். அப்பொழுது அவர்கள் நாடியின் விரைவை உணர்ந்து நிற்பாராக. நின்று பழகிய பின் ஏறுவாராக. மெல்ல ஏறுவார்க்கு மலை வழிவிடும்.